விசுவாச ஊழியம்

மிஷன் சங்கத்தின் சம்பளத்தையும் அதிகாரிகளின் ஆதரவையும் சாராமல், தேவைகளைக் கடவுளிடம் மட்டுமே முறையிட்டு நடத்தும் கிறிஸ்தவப் பணி. இதன் வேர் எபிரேயத் தீர்க்கதரிசிகளிடம் இருக்கிறது. கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அசீரியருக்கு அஞ்சிய யூதா நாடு, எகிப்தின் குதிரைகளையும் இரதங்களையும் நாடியது. எகிப்தியரும் மனிதர்தாமே என்று ஏசாயா கண்டித்தார் (31-ஆம் அதிகாரம்). மனுஷனைப் புயபலமாக நம்புவதை எரேமியாவும் பின்னர் கடிந்தார்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு 1911 வரை சித்தூர்தான் தலைநகர். இந்த வகை ஊழியத்தின் முன்னோடியான அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் குடியேறிய ஊர் அது. எக்சிட்டர் நகரில் பல் மருத்துவராக இருந்தவர், தொழிலை விட்டு 1829-இல் பாக்தாத் புறப்பட்டார்; அங்கே கொள்ளைநோய்க்கு மனைவியைப் பறிகொடுத்து, 1833-இல் இந்தியா வந்தார். நன்கொடை கேட்காமல் பிரிஸ்டலில் அநாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர் இவருடைய சகோதரியின் கணவர். சித்தூரில் பட்டுப்பூச்சி வளர்த்து, உழைத்துச் சாப்பிட்டபடியே குரோவ்ஸ் பிரசங்கித்தார். பட்டுத் தொழில் பெரும் நஷ்டத்தில் முடிந்தது. 1853-இல் பிரிஸ்டலில், முல்லரின் வீட்டில் காலமானார். 

குரோவ்ஸின் கொள்கையை வாழ்ந்து காட்டியவர் ஒரு தமிழர்: திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867). பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸிடம் பயின்றவர். அக்காலத்து உபதேசியாருக்கு மாதச் சம்பளம் மிஷனிலிருந்து வரும். வேலையில் வைப்பதும் ஊர் மாற்றுவதும் மிஷனரித் துரையின் கையில். வழக்கு, வரி, சாதிச் சண்டை எதுவானாலும் துரை கலெக்டரிடம் பேசுவார் என்று சபை மக்களும் எதிர்பார்த்தார்கள். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியையே அருளப்பன் அறுத்தார். குரோவ்ஸ் கொடுக்க வந்த சம்பளத்தையும் மறுத்துவிட்டார். வாங்கினால், கூலிக்காகப் பிரசங்கிக்கிறான் என்று ஜனங்கள் சொல்வார்கள் என்பது அவர் சொன்ன காரணம். மிஷன் ஊழியரின் பக்தியில் குறை காண வேண்டியதில்லை. ஆனால் வெள்ளைக்காரன் ஆண்ட நாட்டில் ஒரு தமிழன் இப்படிச் சொல்வதற்குத் தனித் துணிவு வேண்டும். 1840-இல் மதுரை–திருநெல்வேலி எல்லைப் பகுதியில் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார்.

1860 மார்ச்சில் அங்கே எழுப்புதல் மூண்டது. ஆண்களும் பெண்களும் பாவ அறிக்கை செய்து அழுதார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். மாம்சமான யாவர்மேலும் ஆவி ஊற்றப்படும் என்ற யோவேலின் வாக்கு நிறைவேறுவதாகவே அவர்கள் அதைக் கண்டார்கள். மிஷனரிகள் சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள்.

எழுப்புதலின் அலை 1870-களில் திருவிதாங்கூரை எட்டியபோது, அதில் கணக்கு புகுந்தது. பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், 1881-இல் கிறிஸ்து வருவார் என்று 1875-இல் அறிவித்தார். அந்த ஆண்டும் வந்து போனது, நம்பியவர்கள் கலங்கினார்கள். நாள் குறிப்பதை ஏசாயாவின் நம்பிக்கையோடு சேர்த்து எண்ணுவது தவறு. கையில் எந்த உறுதியும் இல்லாதபோது காத்திருக்கச் சொன்னவர் அவர்; அருளப்பன் செய்ததும் அதுதான். அருளப்பனின் நாட்குறிப்புகளை 1939-இல் ஜி. எச். லாங் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார்.