ஏற்றப்பாட்டும் பாண்டு வாத்தியமும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், போர் நினைவுச் சின்னத்தின் முன், ஜூலை 14-ம் தேதி தோறும் இரண்டு தேசிய கீதங்கள் ஒலிக்கின்றன. ஒன்று 1792-ல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ரூஜே த லீல் என்ற ராணுவப் பொறியாளர் எழுதியது. மற்றது தாகூருடையது. இரண்டுமே பாண்டு வாத்தியத்தில் உட்கார்ந்துகொள்ளும் மெட்டுகள். இந்த ஊரைச் சுற்றியிருக்கும் வயல்களில் பாடப்பட்ட எந்தப் பாட்டுக்கும் அந்த வரிசையில் இடம் கிடைத்ததில்லை. இது தற்செயல் அல்ல என்பது என் கட்சி.

பாண்டு என்றதும் நமக்கு ராணுவமும் கல்யாண ஊர்வலமும்தான் நினைவுக்கு வருகின்றன. அதன் பிறப்பு வேறு. 1789-ல் பாரிஸில் பெர்னார் ஸரேத் 45 வாத்தியக்காரர்களைத் திரட்டித் தேசியக் காவல்படைக்கு ஒரு குழு அமைத்தார். புரட்சியின் விழாக்கள் திறந்த வெளியில் நடந்தன. ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு நடுவே வயலின் எடுபடாது. ஊது வாத்தியங்களும் பேரிகையும் முன்னுக்கு வந்தது அதனால்தான். கோஸெக் போன்றவர்கள் அவற்றுக்கென்றே எழுதினார்கள். அந்தக் குழுவின் வழியாகவே 1795-ல் பாரிஸ் கன்ஸர்வத்வார் உருவாயிற்று. அரண்மனையின் கூரைக்குக் கீழிருந்து சங்கீதத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்த கருவி பாண்டு. அதே பிரான்ஸ் தன் காலனிகளுக்கு அனுப்பியபோது அது அதிகாரத்தின் ஓசையாகிவிட்டது.

நம்மிடம் பாண்டு வந்த கதைக்கு நல்ல சாட்சி முத்துஸ்வாமி தீட்சிதர் (1775–1835). சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் கோட்டையின் பாண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு ஸமஸ்கிருதத்தில் ஸாஹித்யம் செய்தார். இன்று நோட்டுஸ்வரம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமே, அவைதாம். ‘ஸந்ததம் பாஹிமாம்’ ஆங்கிலேய அரச வாழ்த்தின் மெட்டு. ‘வந்தே மீனாக்ஷி’யின் மெட்டு ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற ஐரிஷ் ஆட்டப் பாட்டு. மாலோ அயர்லாந்தின் கார்க் பிரதேசத்தில் உள்ள ஒரு சிற்றூர். அந்த ஊர்க்காரர்களின் ஆட்டம் சிப்பாய்களின் ஊதுகுழலில் ஏறிக் கடல் தாண்டி மணலியில் மீனாக்ஷியைக் கண்டடைந்திருக்கிறது. அந்நிய நாட்டு நாடோடி மெட்டு பாண்டின் வழியாக நம் செவ்வியல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. நம் நாடோடி மெட்டோ அதே வாசல் வழியாக வெளியே போகவில்லை.

போக முயன்ற ஒரு பாட்டு வாசலிலேயே நிறுத்தப்பட்டதும் உண்டு. அது நாடோடிப் பாட்டு அல்ல, ‘வந்தே மாதரம்’. 1948 ஆகஸ்ட் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு, பாண்டுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் ஏற்றது ‘ஜன கண மன’தான் என்று வாதாடினார். அயல்நாட்டு வாத்தியக்காரர்கள் எளிதாக வாசிக்கும் மெட்டு வேண்டும் என்பது அவர் கவலை. மாஸ்டர் கிருஷ்ணராவ் என்ற மராட்டிய இசைக்கலைஞர் ‘வந்தே மாதர’த்தைப் பாண்டு வாசிக்கும்படி அமைத்துக் காட்டிப் போராடினார். 1950 ஜனவரி 24-ல் தீர்ப்பு வேறாக வந்தது. அதற்கு வேறு அரசியல் காரணங்களும் இருந்தன. என்றாலும் ஒரு தேசம் தன் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கிளாரினெட்டையும் ட்ரம்பெட்டையும் கலந்து யோசித்தது என்ற உண்மை நம் கவனத்துக்குரியது.

புதுவைக்குத் திரும்புவோம். 1908 முதல் 1918 வரை இங்கிருந்த பாரதி, குயில் பாட்டில் குயிலின் வாயாலேயே ஒரு பட்டியல் தருகிறார்: ஏற்றம் இறைப்பவர் பாட்டு, நெல் இடிக்கும் பெண்களின் குரல், சுண்ணாம்பு இடிப்பவர் பாட்டு, வயல் பெண்களின் பாட்டு, வளைக்கை கொட்டும் கும்மி. குழலும் வீணையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இந்த வரிசையைக் கவிதை அலங்காரமாக மட்டும் வாசித்துவிட்டுப் போகிறோம். எனக்கு அது ஓர் ஊரின் ஓசைகளைக் கேட்டவன் எழுதிவைத்த ஆவணம். ஆனால் ஆவணத்தில் பெயர்கள் உண்டு, மெட்டு இல்லை. 1871-ல் சார்லஸ் கோவர் சென்னையில் வெளியிட்ட தென்னிந்திய நாட்டுப் பாடல் நூலிலும், 1964-ல் நா. வானமாமலை தந்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பிலும் நமக்குக் கிடைப்பது சொல்தான். பாட்டை எழுத்தாக்கிய நாம் அதன் மூச்சை வெளியே விட்டுவிட்டோம்.

ஏற்றப்பாட்டின் மூச்சு என்பது உருவகம் அல்ல. துலாவின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்கச் சால் இறங்குகிறது, நிறைகிறது, ஏறுகிறது, கவிழ்கிறது. பாட்டின் அடி அந்த அளவுக்கு நீள்கிறது. எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கும் பாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. ஏற்றக்காரன் பாதியில் விட்ட பாட்டின் அடுத்த அடிக்காகக் கம்பன் மறுநாள் வரை காத்திருந்தான் என்ற கதை, அந்த இடைவெளியின் மதிப்பை அறிந்தவர்கள் கட்டிய கதை.

இதைப் பாண்டுக்கு எழுதுபவன் முதலில் செய்யும் காரியம் நான்கு நான்காகத் தட்டி அளப்பது. சால் நிறையும் நேரம் அந்த அளவில் விழுந்து மறைந்துவிடும். அடுத்து, மூன்று நான்கு ஸ்வரங்களுக்குள் சுற்றி வரும் மெட்டுக்கு அடியில் கார்டுகளை வைப்பான். முடிவே இல்லாமல் சுழல வேண்டிய பாட்டு ஒவ்வொரு அடியிலும் முடிந்து முடிந்து நிற்கும். மூன்றாவது, குரல் வழுக்கிப் போகும் இடங்கள். வால்வு வைத்த ட்ரம்பெட்டுக்கு அது கஷ்டம். கிளாரினெட்டுக்கு முடியும் என்பதை ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக மேடையிலேயே நிரூபித்திருக்கிறார். ட்ராம்போனின் சறுக்குக் குழாய்க்கும் முடியும். ஆகவே தடை வாத்தியத்தில் இல்லை, எழுதுபவனின் காதில் இருக்கிறது.

சான்றுக்கு வெளியே பார்க்கலாம். பெர்ஸி கிரெய்ஞ்சர் 1905–06-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கிராமங்களில் வயதான பாடகர்களிடம் பாட்டுகளைச் சேகரித்தார். 1906-ல் ஃபோனோகிராஃபையும் கொண்டுபோனார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1937-ல், பாண்டுக்கென்று ‘லிங்கன்ஷயர் போஸி’யை எழுதினார். பாடியவன் எங்கே தாளத்தை நீட்டினானோ அங்கே இவரும் அளவை மாற்றினார். ஓரிடத்தில் அளவையே எடுத்துவிட்டு நடத்துனரின் கைக்கு விட்டார். படைப்பை அந்தப் பாடகர்களுக்கே காணிக்கையாக்கினார். ஒவ்வொரு பகுதியும் ஒரு பாட்டின் வடிவம் மட்டுமல்ல, அதைப் பாடிய ஆளின் சித்திரமும்கூட. டாரியுஸ் மியோ அமெரிக்காவில் அகதியாக இருந்தபோது 1944-ல் பிரெஞ்சு நாட்டுப் பாடல்களைக் கொண்டு, பள்ளிப் பிள்ளைகளின் பாண்டும் வாசிக்கக்கூடிய ஒரு தொகுப்பை எழுதினார். நார்மண்டி, ப்ரித்தானி என்று மாகாணங்களே அதன் பகுதிகள். போரில் அமெரிக்கப் பிள்ளைகளின் தகப்பன்மார் எந்த மண்ணில் நின்றார்களோ அந்த மண்ணின் பாட்டு.

நம்மிடம் ஏன் இது நடக்கவில்லை? ஆள் இல்லாமல் இல்லை. புதுவையில் காவல்துறைக்குப் பாண்டு இருக்கிறது, வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஏற்றப்பாட்டு சங்கீதம் அல்ல. அதை நேசிக்கும் இலக்கியவாதிகளுக்கு அது வெறும் சொல். இரண்டுக்கும் நடுவில் சாதி நிற்கிறது. பாட்டைப் பாண்டுக்கு மாற்றலாம் என்பவர்கள்கூட, கூடவே வரும் பறையைக் கழற்றி வைத்துவிட்டு ஸைட் டிரம்மை வைப்பார்கள். சத்தம் அதிகம் என்பார்கள். திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியக் கூட்டத்தில் பறைக்கு இடமில்லை என்பது சங்கீத நியாயம் அல்ல.

பம்புசெட் வந்து ஏற்றம் போயிற்று. சால் இல்லாத இடத்தில் அந்தப் பாட்டுக்கு வேலை இல்லை. இனி அது மேடையில்தான் வாழ முடியும் என்றால், மேடை எதுவாக இருந்தாலும் மூன்று கேள்விகளை எழுப்பியாக வேண்டும். பாடிக் கேட்ட ஆளின் பெயர் தாளின் மேல் இருக்கிறதா? சால் நிறையும் நேரம் அளவுக்குள் அகப்படாமல் விடப்பட்டிருக்கிறதா? பறை கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று சொல்லக்கூடிய ஒரு பக்கம் எழுதப்பட்டால், கடற்கரைச் சாலையில் அந்த இரண்டு கீதங்களுக்குப் பிறகு அதை வாசிக்கட்டும்.