பரணில் கிடந்த தாத்தா ரிவால்வர்: என்ன விலை போகும்? விற்பதற்கு முன் என்ன பார்க்கணும்?

பழைய வீட்டை இடிக்கும்போதோ, பாகப்பிரிவினைக்காக இரும்புப் பெட்டியைத் திறக்கும்போதோ சில குடும்பங்களில் ஒரு ரிவால்வர் வெளியே வருவதுண்டு. ராணுவத்தில் இருந்த தாத்தா, எஸ்டேட் பார்த்துக்கொண்ட பெரியப்பா என யாரோ ஒருவர் அந்தக் காலத்தில் லைசென்ஸ் எடுத்து வாங்கியதாக இருக்கும். அதை மொபைலில் போட்டோ எடுத்துத் தேடினால், வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விலை காட்டும். அதை நம்பி வாட்ஸ்அப் குரூப்பில் ‘விற்பனைக்கு’ என்று போட்டால் சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

லைசென்ஸ் தாத்தா பெயரில்தானே இருக்கு?

அந்த லைசென்ஸ் தாத்தாவுக்கு மட்டும்தான். வீடு, நிலம் போல துப்பாக்கி தானாக வாரிசு கைக்கு வந்துவிடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு ஆயுதத்தைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. தடை செய்யப்பட்ட ரகம் என்றால் 7 முதல் 14 ஆண்டு.

ஒப்படைத்தால் பொருள் போய்விடுமோ என்ற பயம்தான் பலரை மறைத்து வைக்கச் செய்கிறது. அது தேவையில்லை. ஒப்படைத்தாலும், குறிப்பிட்ட காலத்துக்குள் தன் பெயரில் லைசென்ஸ் வாங்கி அதைத் திரும்பப் பெறவோ, லைசென்ஸ் உள்ள வேறொருவருக்கு விற்றுப் பணத்தை வாங்கவோ சட்டப்படியான வாரிசுக்கு உரிமை உண்டு. ரசீது வாங்க மறக்கக் கூடாது, அவ்வளவுதான். அதற்காகத் துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். முதலில் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்வதே பாதுகாப்பு. உள்ளே குண்டு இருக்காது என்று நினைத்து டிரிகரை இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம்.

தாத்தா உயிரோடு இருந்தால் வேலை இன்னும் சுலபம். 70 வயது ஆனவரோ, 25 ஆண்டுகள் ஆயுதம் வைத்திருந்தவரோ வாழும் காலத்திலேயே வாரிசு பெயருக்கு மாற்ற 2016 ஆயுத விதிகள் வழி செய்கின்றன.

என்ன ரிவால்வர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுழலும் சிலிண்டர் இருந்தால் ரிவால்வர். கைப்பிடிக்குள் மேகசின் செருகினால் பிஸ்டல். அடுத்து பார்க்க வேண்டியவை தயாரிப்பாளர் பெயர், சீரியல் நம்பர், போர் அளவு ஆகிய மூன்றும். 

இந்தியாவில் பழைய ரிவால்வர் என்றாலே முதலில் நினைவுக்கு வரும் பெயர், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்யப்பட்ட வெப்லி. நடுவில் மடங்கித் திறக்கும், திறந்ததும் காலித் தோட்டாக்கள் வெளியே தள்ளப்படும். இதில் முதல் உலகப்போர் காலத்து ‘மார்க் 6’ பிரபலம். 1915இல் வந்தது, .455 போர், 6 அங்குலக் குழல். உலோகத்தில் அகலமான அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசுச் சொத்தாக இருந்தது என்று அர்த்தம். இரண்டு அம்புகள் முனையோடு முனை பார்த்தபடி இருந்தால், அரசுப் பணியிலிருந்து கழித்து விற்கப்பட்டது என்று பொருள். 

போலியும் உண்டு. இன்றைய பாகிஸ்தானின் கைபர் கணவாய்ப் பகுதிப் பட்டறைகளில் வெப்லியைப் பார்த்து அப்படியே செய்தார்கள். ஆங்கில எழுத்துப் பிழை, திருப்பிப் போட்ட ‘என்’ எழுத்து போன்றவை அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

சீரியல் நம்பரின் மதிப்பைப் புரிந்துகொள்ள பகத் சிங் துப்பாக்கியைப் பார்க்கலாம். 1928இல் லாகூரில் சாண்டர்ஸைச் சுட்ட .32 கோல்ட் பிஸ்டல், இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படை அருங்காட்சியகத்தில் கறுப்பு பெயின்ட்டுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. 2016இல் பெயின்ட்டை நீக்கிப் பார்த்தபோது கிடைத்த 168896 என்ற நம்பர், லாகூர் வழக்கு ஆவணத்தோடு பொருந்தியது. அதற்கு முன்பும் அதே துப்பாக்கிதான், ஆனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விலையைத் தீர்மானிப்பது எது?

பளபளப்பு கிடையாது. விற்கும் முன் துருவைத் தேய்த்து, நிக்கல் பூசி, புதுக் கைப்பிடி போட்டுக் கொண்டுபோனால் சேகரிப்பாளர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். அவருக்கு வேண்டியது, தொழிற்சாலையில் கொடுத்த பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பிரேமிலும் சிலிண்டரிலும் ஒரே நம்பர் இருக்கிறதா என்பதுதான். அமெரிக்காவில் விற்கப்பட்ட பல வெப்லிகளின் சிலிண்டரை, எளிதாகக் கிடைக்கும் .45 தோட்டாவுக்காகச் சீவியிருக்கிறார்கள். சீவாத வெப்லிக்கு அங்கே தனி மரியாதை.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது, கதை. பில்லி த கிட்டைச் சுட்ட ஷெரிஃப் பாட் காரெட்டின் கோல்ட் ரிவால்வர் 2021இல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன், 1873இல் சக கவிஞர் ரைம்போவைச் சுட்ட 7 எம்.எம். லெஃபோஷோ ரிவால்வர் 2016இல் 4,34,500 யூரோ. ஓவியர் வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டதாகக் கருதப்படும் ரிவால்வரும் அதே 7 எம்.எம். லெஃபோஷோ வகைதான். வயலில் கிடைத்த அது, துருப்பிடித்த நிலையிலேயே 2019இல் 1,62,500 யூரோவுக்குப் போனது. இது வான்கோவுடையதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாதபோதே இந்த விலை!

அதனால் தாத்தாவின் பழைய லைசென்ஸ் புத்தகம், வாங்கிய ரசீது, சீருடையில் எடுத்த போட்டோ, தோல் உறை எல்லாவற்றையும் சேர்த்தே வைக்க வேண்டும். ‘எங்க தாத்தா பெரிய ஆபீசர்’ என்ற வாய்ப்பேச்சுக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

அப்படியானால் வெப்லிக்கு நல்ல விலை கிடைக்குமா?

இங்கேதான் இடிக்கிறது. சர்வீஸ் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய .455, .380 ரிவால்வர்கள் இந்தியாவில் தடை செய்யப்பட்ட போர் வகை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் அதிகம் தேடும் ரகமே இங்கே விற்கக் கஷ்டமான ரகம். வாங்குபவரிடம் அந்த ரகத்துக்கான லைசென்ஸ் இருக்க வேண்டும், அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. .32 ரிவால்வருக்குத்தான் லைசென்ஸ்தாரர்கள் மத்தியில் கிராக்கி.

வெளிநாட்டுக்கு அனுப்பி ஏலம் விடலாமே என்றால், ஆயுத ஏற்றுமதிக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். 100 ஆண்டைத் தாண்டிய, வரலாற்று மதிப்புள்ள பொருள் என்றால் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். அதன்படி தனிநபர் ஏற்றுமதிக்கு இடமே இல்லை. 1915இல் செய்த வெப்லி அந்த வயதைத் தாண்டி சில ஆண்டுகள் ஆகின்றன.

‘இது சுடவே சுடாது, அதனால் லைசென்ஸ் வேண்டாம்’ என்பதும் அரைகுறை உண்மை. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழங்கால ஆயுதத்துக்குத்தான் சட்டம் விலக்கு தருகிறது. ஸ்பிரிங் உடைந்தது, டிரிகர் இறுகிவிட்டது என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

லைசென்ஸ் உள்ள ஒருவர் தன் ரிவால்வரை இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்பதாக இருந்தால், வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன்பின் குறைந்தது 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற முடியும். ‘நாளைக்கே முழுப் பணம், இன்னிக்கே கொடுங்க’ என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.