பார்வையற்றோரும் பலதட ஒலிப்பதிவும்

பலதட ஒலிப்பதிவு என்பது ஒவ்வொரு குரலையும் கருவியையும் தனித்தனித் தடத்தில் (டிராக்கில்) பிடித்து, பிறகு ஒன்றாகக் கலப்பது. பாடுபவர் ஓரிடத்தில் பிசகினால் அந்த டிராக்கை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். 1957-இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் அமெரிக்க கிதார் கலைஞர் லெஸ் பாலுக்குச் செய்துகொடுத்த எட்டு டிராக் நாடாப்பதிவுக் கருவி இம்முறைக்கு முன்னோடியானது.

நாடாக் காலத்துக் கருவிகள் விரலுக்கு எட்டுபவை. கலவை மேசையில், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் வரிசையாக நிற்கும். மூன்றாவது டிராக்கின் ஃபேடர் நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கும். எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்பதைத் தடவியே அறியலாம். ஒலி அளவைக் காட்டும் முள்ளுக்கு மட்டும் கண் வேண்டும். பழகிய காது அதையும் ஓரளவு ஈடுகட்டும். 1972-இல் வெளிவந்த 'மியூசிக் ஆஃப் மை மைண்ட்' இசைத்தொகுப்பில் பார்வையற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் பெரும்பாலான கருவிகளைத் தாமே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். 1979-இல் டாஸ்கம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டூடியோ வந்தது. சாதாரண கேசட்டில் நான்கு டிராக் பதியும் அந்தப் பெட்டியால், பார்வையற்ற இசைக்கலைஞர் வீட்டிலிருந்தே, துணைக்கு ஆளில்லாமல் பாட்டை முடிக்க முடிந்தது.

கணினி வந்தபோதும் தொடக்கத்தில் சிக்கல் பெரிதாக இல்லை. டாஸ் இயக்குதளத்தின் திரையில் பெரும்பாலும் எழுத்துதான் இருக்கும். திரைவாசிப்பான் என்ற மென்பொருள் அந்த எழுத்தைக் குரலில் எடுத்துச் சொல்லிவிடும். விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் உருவாக்கிய ஜாஸ் என்ற திரைவாசிப்பான், 1989-இல் டாஸுக்காகத்தான் வெளிவந்தது. கேக்வாக் என்ற இசைக்கோர்ப்பு மென்பொருளும் 1987-இல் டாஸில் பிறந்ததே.

மவுசும் படங்களும் திரையைப் பிடித்த பிறகே கதவு சாத்தப்பட்டது. இயக்குதளம் தரும் வழக்கமான பொத்தானுக்குப் பெயரும் நிலையும் உண்டு. திரைவாசிப்பான் கேட்டால் கிடைக்கும். ஸ்டூடியோ மென்பொருள் செய்தவர்களோ பழைய கலவை மேசையைப் போலவே தோன்ற வேண்டுமென்று குமிழையும் ஃபேடரையும் தாங்களே வரைந்தார்கள். கண்ணுக்கு அது ஃபேடர். திரைவாசிப்பானுக்கு வெறும் வண்ணத் திட்டு. மேசையின் உருவம் மட்டும் திரைக்கு வந்தது, தொட்டறியும் வசதி வரவில்லை. யாரும் தீங்கு நினைத்துச் செய்ததல்ல. ஆனாலும் சம்பாத்தியம் இசையையே நம்பியிருந்தவர்களுக்கு இது தொழிலையே பறிக்கும் இழப்பு.

இழந்ததை மீட்கும் வேலை இரு திசைகளில் நடந்தது. மேக் கணினியில் பெர்க்லி சிஸ்டம்ஸின் அவுட்ஸ்போக்கன் என்ற திரைவாசிப்பான் 1989 முதலே இருந்தது. அதைக்கொண்டு சிலர் புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் வேலை செய்தார்கள். மேக் ஓஎஸ் எக்ஸ் வந்ததும் அந்த வழி அடைபட்டது. 2005-இல் ஆப்பிள் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பானை இயக்குதளத்திலேயே சேர்த்தது. பார்வையற்ற பொறியாளர்கள் விடாமல் முறையிட்ட பிறகுதான் புரோ டூல்ஸின் பொத்தான்கள் வாய்ஸ்ஓவருக்குப் பெயர் சொல்லத் தொடங்கின.

விண்டோஸில் கேக்வாக்கும் அதன் வழிவந்த சோனாரும் முன்னின்றன. பார்வையற்ற இசைக்கலைஞர் பில் மக்கேன் 1992-இல் தொடங்கிய டான்சிங் டாட்ஸ் நிறுவனம், ஜாஸுக்கும் கேக்வாக்குக்கும் பாலமாக கேக்டாக்கிங் என்ற ஸ்கிரிப்ட் தொகுப்பை விற்றது. பலருக்கு அது வாழ்வளித்தது. ஆனால் மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்பை நம்பி எழுதப்படும் ஸ்கிரிப்டை அடுத்த பதிப்பு முறித்துவிடும். பழையதிலேயே தங்குவதைத் தவிர வேறு வழியில்லை. 2017 இறுதியில், கேக்வாக்கை வைத்திருந்த கிப்சன் நிறுவனம் அதன் தயாரிப்பையே நிறுத்தியது. மறு ஆண்டு சிங்கப்பூரின் பேண்ட்லேப் நிறுவனம் அதை வாங்கியது என்றாலும், ஒரே மென்பொருளை நம்பியிருப்பதன் ஆபத்து அப்போது தெளிவாகப் புரிந்தது.

அதற்குள் வேறொரு வழி திறந்திருந்தது. வினாம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் 2005-இல் ரீப்பர் என்ற பலதட ஒலிப்பதிவு மென்பொருளை வெளியிட்டார். பார்வையற்றோரை மனத்தில் வைத்துச் செய்ததல்ல அது. ஆனால் அதில் ஏறக்குறைய எல்லா வேலையும் ஒரு கட்டளையாகப் பட்டியலில் இருக்கும். எந்தக் கட்டளைக்கும் விரும்பிய விசையை வைத்துக்கொள்ளலாம். வெளியார் எழுதும் நிரல் உள்ளே நுழைந்து டிராக்கின் பெயரையும் நிலையையும் கேட்டறியலாம். இந்தத் திறந்த வாசல்தான் காரியத்தைச் சாதித்தது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரனுடன் சேர்ந்து என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை வளர்த்த ஜேமி டே, ரீப்பருக்காக ஒசாரா என்ற இலவச நீட்சியை எழுதினார். அவர் தாமே பார்வையற்றவர். அம்புவிசையால் டிராக் மாறினால் ஒசாரா அதன் பெயரைச் சொல்லும். நகர்ந்தால் எத்தனையாவது தாள வட்டம் என்று சொல்லும். ஒலி அளவு வரம்பு மீறினால் எச்சரிக்கும். அந்தப் பழைய முள்ளின் வேலை இப்போது காதுக்கே வந்துவிட்டது.

இன்று மென்பொருள் தேர்வு செய்பவருக்கு வசதிகளின் எண்ணிக்கையைவிட இந்தத் திறந்த வாசலே முக்கியம். நேர்காணலை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும். மேக் வைத்திருப்பவருக்கு கராஜ்பேண்ட், லாஜிக் என்ற ஆப்பிள் மென்பொருள்கள் இரண்டும் வாய்ஸ்ஓவருடன் இயங்குகின்றன. விண்டோஸில் ரீப்பரும் ஒசாராவும் என்விடிஏவும் சேர்ந்த கூட்டணிக்கு நிகரில்லை. ரீப்பரின் தனிநபர் உரிமம் 60 டாலர், மற்ற இரண்டும் இலவசம். என்விடிஏ தமிழிலும் பேசும். ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் வேண்டும்: திரைவாசிப்பானின் குரலை ஹெட்போனில் கேட்காவிட்டால் அது மைக்கில் புகுந்து பாட்டோடு பதிவாகிவிடும்.

தீராமல் நிற்பது, ஒலியை மாற்றியமைக்க உள்ளே செருகும் ப்ளக்-இன் என்ற துணை மென்பொருள்களின் சிக்கல். எதிரொலி, சமன்படுத்தி போன்றவற்றின் திரைகள் பெரும்பாலும் இன்னும் வெறும் படங்களே. ஒசாரா அவற்றின் அளவீடுகளைப் பட்டியலாக்கித் தரும். ப்ளக்-இன் தன் அளவீட்டுக்குப் பெயர் தராவிட்டால் அதுவும் பயன்படாது. இதற்கு ஒரு மாற்றாக, 2016-இல் நேட்டிவ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனம் தன் கீபோர்டுகளில் ஒரு வசதியைச் சேர்த்தது: குமிழின்மேல் விரல் பட்டதும் அது எந்த அளவீட்டுக்கு உரியது, இப்போது எவ்வளவு என்று கணினி குரலில் சொல்லும்.