கோடைக்கால வீட்டுக் குப்பை: விழுப்புரம், திண்டிவனம்

விழுப்புரமும் திண்டிவனமும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த நகராட்சிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விழுப்புரத்தில் 96,253 பேரும் திண்டிவனத்தில் 72,796 பேரும் வசித்தனர். சிறு, நடுத்தர நகரங்களில் ஒருவர் நாளொன்றுக்கு 200 முதல் 400 கிராம் குப்பையை உண்டாக்குகிறார் என்பது நகர்ப்புறத் திட்டமிடலில் வழக்கமாகக் கொள்ளப்படும் கணக்கு. அதன்படி 2011 மக்கள்தொகைக்கு விழுப்புரத்தில் நாளொன்றுக்கு 19 முதல் 38 டன் வரை குப்பை சேரும். அதில் ஏறத்தாழ பாதி, சமையலறையிலிருந்து வரும் மக்கும் குப்பை. மாசி பிறந்ததிலிருந்து ஆனி வரை இந்தப் பாதியின் தன்மையே மாறிவிடுகிறது. எடை கூடுகிறது, ஈரம் கூடுகிறது, அழுகும் வேகமும் கூடுகிறது. ஆகவே கோடையில் குப்பையைக் குறைப்பது என்றால் முதலில் பழத்தோலையும் காய்கறிக் கழிவையும் வீட்டு எல்லைக்குள்ளேயே கையாள்வது என்று பொருள். மறுசுழற்சி அதற்கு அடுத்தபடிதான்.

கோடையில் சேர்பவை

திண்டிவனம், மரக்காணம் சுற்றுவட்டாரம் தர்பூசணிச் சாகுபடிக்குப் பேர்போனது. மாசி, பங்குனியில் அறுவடை தொடங்கியதும் நெடுஞ்சாலையோரம் குவியல் குவியலாகப் பழம் இறங்கும். தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோல். ஆறு கிலோ பழம் ஒன்றை வாங்கும் வீடு இரண்டு கிலோ ஈரக் குப்பையையும் சேர்த்தே வாங்குகிறது. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதி பூசணிக்காயைப் போலவே கூட்டுக்கும் மோர்க்குழம்புக்கும் ஆகும். வெளித்தோலை ஆடும் மாடும் விரும்பித் தின்னும். இரண்டையும் செய்தால் குப்பைத் தொட்டிக்குப் போக ஏதும் மிஞ்சாது.

நுங்கின் கதை வேறு. விக்கிரவாண்டி, திண்டிவனம் பக்கத்துப் பனங்காடுகளிலிருந்து சித்திரையில் குலை குலையாக இறங்கும் நுங்கில், தின்பதற்கான சுளை சிறு பங்குதான். மீதமுள்ள மட்டையைச் சீவி மாட்டுக்குப் போடுவது கிராம வழக்கம். இரண்டு நுங்குக் கூட்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளி ஓட்டும் நுங்கு வண்டி, இந்தப் பகுதிச் சிறுவர்கள் கண்ட மறுபயன்பாடு. நகரத்தில் மாடும் குறைவு, வண்டி ஓட்டும் பிள்ளைகளும் குறைவு. நுங்கு மட்டை நேரே சாக்கடையில் போய் விழுகிறது.

மாங்கொட்டை, பலாச்சக்கை, கரும்புச் சாறு பிழிந்த சக்கை, எலுமிச்சைத் தோல் ஆகியவையும் இந்தப் பருவத்தில் சேரும். எல்லாவற்றிலும் தொல்லையானது இளநீர் மட்டை. நாரில் லிக்னின் அதிகம் என்பதால் முழு மட்டை எளிதில் மக்காது. வெட்டிய வாயில் கோடை மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு அதில் முட்டையிடும். மட்டையை நான்காகப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் விறகாகும். கொத்திப் போட்டால் தென்னை, வாழையின் வேர்ப்பகுதியில் ஈரம் காக்கும் மூடாக்காகும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு இவ்விரண்டுக்கும் வழியில்லை. நார் பிரிக்கும் எந்திரத்தை நகராட்சி வைத்தால் ஒழிய அவர் இளநீரைக் கடையிலேயே குடித்து, மட்டையை அங்கேயே விட்டுவருவதுதான் சரி.

கலந்தால் வரும் கேடு

இருப்பதை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி வாசலில் வைப்பது கோடையில் மிக மோசமான பழக்கம். காற்றுப் புகாத பையில் ஆக்சிஜன் தேவைப்படாத நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. நாற்றமும் கழிவுநீரும் அவற்றின் வேலை. வெக்கையில் வீட்டு ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக வளர ஏழு முதல் பத்து நாள் போதும். பையைக் கிழித்துத் தோலைத் தேடும் மாடு பிளாஸ்டிக்கையும் சேர்த்து விழுங்குகிறது. அது செரிக்காமல் இரைப்பையிலேயே தங்கிவிடும்.

கலந்த குப்பை கிடங்குக்குப் போனபின் நேர்வது இன்னும் பெரிது. மேட்டின் அடியில் அழுகும் கழிவு மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது, எளிதில் தீப்பிடிக்கவும் கூடியது. சென்னை பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலிலும் கோவை வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலிலும் பற்றி எரிந்து, அணைக்கப் பல நாட்களாயின. இரண்டும் கோடையில் நேர்ந்தவை. வீட்டில் தனியே எடுத்து வைக்கப்பட்ட வாழைப்பழத்தோல் இந்தத் தீக்கு எரிபொருளாகப் போய்ச் சேராது.

உரமாக்கல்

எருக்குழி தமிழக உழவர்க்குப் புதிதல்ல. மாட்டுச் சாணம், சாம்பல், கூட்டிய குப்பை எல்லாம் கொல்லைப்புறக் குழியில் சேர்ந்து, ஆடிக்கு முன் வயலுக்குப் போகும். இந்த அறிவைச் சோதித்து முறைப்படுத்தியவர்களில் ஆங்கிலேய வேளாண் அறிவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்டு முதன்மையானவர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் அவரும் யஷ்வந்த் வாட் என்பவரும் உருவாக்கியது, குவியலைக் கிளறிக் காற்றோட்டம் தரும் ‘இந்தூர் முறை’. பின்னர் சி. என். ஆச்சார்யா பெங்களூரில் வகுத்த முறையில் கிளறும் வேலை இல்லை. நகரக் கழிவைக் குழியில் அடுக்கி மண் பூசி மூடிவிடுவார்கள். வீட்டுத் தொட்டி உரமாக்கல் பெரும்பாலும் இந்தூர் முறையின் குட்டி வடிவம்.

தொட்டியில் வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்குக் கரியும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) சுமார் 30க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும். காய்கறித் தோலில் தழைச்சத்து மிகுதி, கரி குறைவு. அதனால்தான் வெறும் தோலை மட்டும் போட்ட வாளி குழைந்து நாறுகிறது. கரியைத் தர உலர் பொருள் தேவை. இந்த வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. வேம்பும் புங்கையும் மாசி, பங்குனியில் இலையுதிர்க்கின்றன. அந்தச் சருகைக் கூட்டித் தீ வைப்பவர்கள், உரத்துக்கு வேண்டிய பாதிப் பொருளைப் புகையாக்குகிறார்கள். திண்டிவனம் நிலக்கடலைச் சீமை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் இங்குதான் இருக்கிறது. டிஎம்வி 2, டிஎம்வி 7 என நாடறிந்த கடலை ரகங்களின் பெயரில் உள்ள ‘டிஎம்வி’ இந்த ஊரைக் குறிப்பது. கடலைத் தொலியை நொறுக்கிப் போட்டால் ஈரத்தையும் உறிஞ்சும், காற்றோட்டத்துக்கு இடைவெளியும் தரும். தேங்காய் நார்க்கழிவும் உதவும்.

செய்முறை சுருக்கமானது. அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட மண்தொட்டியையோ பழைய பெயிண்ட் வாளியையோ எடுத்து, அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சருகு பரப்ப வேண்டும். அன்றாடக் கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, அதே அளவோ சற்றுக் கூடுதலாகவோ சருகால் மூட வேண்டும். தொடக்கத்தில் ஒரு கை சாணமோ பழைய உரமோ நுண்ணுயிர் விதையாகும். சாணம் கிடைக்காத வீட்டில் புளித்த மோரைத் தெளிக்கலாம். வாரத்துக்கு இருமுறை கிளற வேண்டும். மீன், இறைச்சி எச்சங்களை வீட்டுத் தொட்டியில் போடாதிருப்பது நல்லது. எலியும் நாயும் வரும். ஊறுகாயும் உப்புக் கூடிய குழம்பும் உரத்தைக் கரிக்க வைக்கும்.

வெயில் கொளுத்தினால் உரம் சீக்கிரம் ஆகிவிடும் என்ற எண்ணம் பாதிதான் சரி. மக்கும்போது குவியல் தானாகவே சூடாகும். பெரிய குவியலின் நடுப்பகுதி 55 பாகை செல்சியசைத் தாண்டி நோய்க்கிருமிகளையும் களைவிதைகளையும் கொல்லும். அதற்கு வெளி வெயில் தேவையில்லை. வெயில் செய்வதெல்லாம் ஈரத்தை உறிஞ்சுவதுதான். ஈரம் 50–60 விழுக்காட்டிலிருந்து மிகவும் இறங்கினால் மக்குதல் நின்றுபோகும். தொட்டியில் இருப்பது உரமாகாமல் வற்றலாகக் கிடக்கும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. ஆகவே கத்திரி வெயிலில் தொட்டியின் இடம் மொட்டை மாடியின் நடு அல்ல; வேப்பமர நிழலோ படிக்கட்டின் அடியோ ஆகும். மேலே ஈரச் சாக்கு போர்த்த வேண்டும். தண்ணீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் தெளிக்கத் தனித் தண்ணீர் எடுக்க வேண்டியதில்லை; அரிசி கழுவிய கழுநீரும் காய் அலசிய நீரும் போதும். இப்படிப் பார்த்துக்கொண்டால் கோடையில் சுமார் இரண்டு மாதத்தில் மண்வாசனையுடன் கறுத்த உரம் கிடைக்கும்.

மண்புழு உரத்துக்குக் கோடை நல்ல காலமல்ல. 20 முதல் 30 பாகை வரை புழுக்களுக்கு இதமான சூடு. 35க்கு மேல் அவை சாகத் தொடங்கும். முதல்முறை முயல்பவர் ஐப்பசிக்குக் காத்திருக்கலாம். தொட்டியில் தடித்த சாம்பல் நிறப் புழுக்கள் நெளிவதைக் கண்டு பலர் முழுவதையும் கொட்டிவிடுகிறார்கள். அவை பிளாக் சோல்ஜர் எனப்படும் கறுப்பு ஈயின் இளம்புழுக்கள். கடிப்பதில்லை, நோய் பரப்புவதில்லை, கழிவை விரைவாகத் தின்று குறைக்கின்றன. சருகைக் கூட்டிப் போட்டால் தாமே குறையும்.

உலர் கழிவு

ஈயம், பித்தளை, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தந்துவிட்டுப் போன தள்ளுவண்டிக்காரரே இந்த ஊர்களின் பழைய மறுசுழற்சித் துறை. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் அதன் இன்னொரு பிரிவு. இன்று அந்த இடத்தில் காயலான் கடைகள் உள்ளன. செய்தித்தாள், அட்டைப்பெட்டி, தண்ணீர் பாட்டில், கழுவிய பால் உறை, இரும்பு, அலுமினியம், செம்பு ஆகியவற்றுக்கு அங்கே விலை உண்டு. சிப்ஸ் உறை, ஷாம்பு சாஷே போன்ற பல அடுக்கு உறைகளுக்கும் தெர்மோகோலுக்கும் விலை இல்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலையிட வழிகண்டு, 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். மறுசுழற்சிக்கு விலைபோகாத மெல்லிய உறைகள் சிலவற்றுக்கு அது ஒரு வழி. ஆனால் அவை அழுக்கின்றித் தனியே வந்து சேர வேண்டும்.

தமிழ்நாடு அரசு 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் பொருட்களை 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. தண்ணீர்ப் பாக்கெட்டும் உறிஞ்சுகுழலும் மட்டுமல்லாமல், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் அப்பட்டியலில் உண்டு. கோடையில் வைக்கப்படும் நீர்மோர்ப் பந்தல்களில் இந்த விதி எளிதில் மறந்துபோகிறது. சில்வர் தம்ளரும் கழுவ ஒரு வாளித் தண்ணீரும் வைத்த பந்தல் குப்பையே விட்டுச்செல்வதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் துணிப்பையைத் திரும்பக் கொண்டுவர முயல்கிறது.

ஆரோவில்

1968இல் நிறுவப்பட்ட பன்னாட்டுக் குடியிருப்பான ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் இருக்கிறது. பிரித்தல், மறுபயன்பாடு ஆகியவற்றில் மாவட்டத்துக்குள்ளேயே பார்த்தறியத்தக்க முயற்சிகள் இங்கு உள்ளன. ‘வேஸ்ட்லெஸ்’ குழு பள்ளிப் பிள்ளைகளுக்காகக் குப்பை பற்றிய பாடத்திட்டம் உருவாக்கியது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தொடங்கிய ‘வெல் பேப்பர்’ அமைப்பில் சுற்றுக் கிராமப் பெண்கள் பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் கூடையும் கிண்ணமும் செய்கிறார்கள். 2010இல் தொடங்கிய ‘எக்கோ ஃபெம்’ துவைத்துப் பயன்படுத்தும் துணி அணையாடைகளைத் தைக்கிறது. மக்கவும் மக்காத, மறுசுழற்சிக்கும் போகாத சானிட்டரி நாப்கினுக்கு இது நேரான மாற்று. வெளிநாட்டார் ஊர், அங்கே எல்லாம் நடக்கும் என்று தட்டிக்கழிப்பவர்கள், அந்தத் தையல் எந்திரங்களிலும் கூடைகளிலும் வேலைசெய்யும் கைகள் சுற்றுக் கிராமத்தாருடையவை என்பதைக் கவனிப்பதில்லை.

நகராட்சியின் பங்கு

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுப்பதை வீட்டாரின் கடமையாக்கின. பிரித்து வரும் ஈரக் கழிவுக்காக நகராட்சிகள் வட்டார அளவில் நுண் உரக்கூடங்கள் அமைத்தன. ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கிறார்கள். வாசலில் கலந்து கொடுத்ததை உரக்கூடத்தில் கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர்தான். உடைந்த பல்பையும் சவரப் பிளேடையும் தாளில் சுற்றித் தனியே கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் திருமண மண்டபம், உணவகம் போன்றவை தம் ஈரக் கழிவை இயன்றவரை தம் வளாகத்திலேயே கையாள வேண்டும் என்றும் அந்த விதிகள் கூறின. வைகாசி முகூர்த்த நாள் ஒன்றில் ஒரு மண்டபத்திலிருந்து வெளியேறும் வாழை இலை, பல வீடுகளின் மாதக் கழிவுக்கு ஈடாகும். மேல்மலையனூர்க் கோயில் அமாவாசைக் கூட்டத்துக்கும் மயிலம் கோயில் பங்குனி உத்திரத்துக்கும் நடக்கும் அன்னதானங்களுக்கும் இது பொருந்தும். வாழை இலை மாட்டுக்கும் ஆகும், உரத்துக்கும் ஆகும். அதனுடன் சுருட்டி எறியப்படும் தண்ணீர் பாட்டிலையும் ஐஸ்கிரீம் குவளையையும் பந்தியிலேயே வேறு கூடையில் வாங்கிவிட்டால் வேலையில் பெரும்பகுதி முடிந்தது.