கவனக் குறைபாடும் கடைசி பெஞ்சும்

1902இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், அறிவில் குறையில்லாமலே அடங்காமல் திரியும் பிள்ளைகளைப் பற்றி உரையாற்றினார். ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை என்றார். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டில் 'கவனக் குறைபாடு' என்ற பெயர் ஏறியது. பழி நோயாயிற்று. எல்லாப் பிள்ளைக்குமா? 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கறுப்பினக் குழந்தைக்கு இது கண்டறியப்படும் வாய்ப்பு வெள்ளைக் குழந்தையைவிட 69 சதவீதம் குறைவு.

மணவாளக்குறிச்சி பழைய திருவிதாங்கூர் மண். பள்ளிக்குள் நுழையவே அய்யன்காளி போராட வேண்டியிருந்த மண். நுழைந்த பின்னும் நம் பிள்ளைக்கு 'மக்கு', 'சேட்டை' என்றுதான் பெயர். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடு உண்டு, கவனக் குறைபாடு தனியாக இல்லை. காசுள்ள வீடு தனியார் மருத்துவரிடம் போகிறது. நமக்கு ஆசாரிபள்ளம் போய்வர ஒருநாள் கூலி போகும். போகச் சொல்ல வேண்டிய வாத்தியாரோ, சேட்டை என்று பிள்ளையைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றுகிறார்.