வழியும் வண்டியும் உரிமையும்

ஓர் ஊர் வளர்ந்துவிட்டது என்பதை அதன் கட்டடங்களை மட்டும் கொண்டு அளந்துவிட இயலாது. அவ்வூர்த் தெருவில் யார் நடக்கலாம், குழாயடியில் யார் குடம் வைக்கலாம், வண்டியில் யார் அமரலாம் என்பனவே உண்மையான அளவுகோல்களாகும். கம்பம் பள்ளத்தாக்கின் போக்குவரத்து வரலாற்றை நம் இளைஞர்கள் இந்நோக்கில் அறிதல் வேண்டும்.

1895-இல் பெரியாற்று அணை நிறைவுற்றது. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கே திரும்பியது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வயல்கள் செழித்தன. 1928-இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை இருப்புப் பாதை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்தெடுக்கப்பட்ட அப்பாதை 1950-களில் மீண்டும் இடப்பட்டது. மலைவிளைபொருளும் பள்ளத்தாக்கின் தானியமும் கூடும் சந்தையாகித் தேனி நகரமாயிற்று.

ஆயினும், பாதை வந்த அன்றே உரிமையும் வந்துவிடவில்லை. பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். நடக்கும் உரிமைக்கே சட்டசபையில் குரல் எழுப்பவேண்டியிருந்த காலம் அது! பேருந்துகள் பெருகியபோது அவற்றிலும் தீண்டாமை ஏறிக்கொண்டது. வத்தலக்குண்டை அடுத்த பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்தார். ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று அவர் ஆணையிட்டார். பதவியைச் சமத்துவத்திற்குப் பயன்படுத்திய அச்செயல் நன்றியுடன் நினைக்கத்தக்கது.

பின்னர், எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1938-இல் சமூக இடையூறு நீக்கச் சட்டம் நிறைவேறியது. 1950-இல் அண்ணல் அம்பேத்கரின் தலைமையில் வரையப்பெற்ற அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம், பொது ஊர்திகளில் ஏறவிடாது தடுப்பதைக் குற்றமாக்கியது. 1972-இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றிய பின், இடஒதுக்கீட்டின் துணையால் நம்மவரும் ஓட்டுநராகவும் நடத்துநராகவும் பணியில் அமர்ந்தனர்.

போராட்டம் அத்துடன் முடிந்ததா? இல்லை. 1997 சனவரி முதல் நாளில் தேனி மாவட்டம் உதயமாயிற்று. அதே ஆண்டில் விருதுநகரில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் ஒன்று அமைக்கப்பட்டது. தாழ்த்தப்பட்ட இனத்து மாவீரன் பெயர் தாங்கிய பேருந்தில் ஏறோம் என ஆதிக்க சாதியினர் மறுத்தனர். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. முடிவில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை அரசு நீக்கியது. இருக்கையில் நம்மைப் பொறுத்துக்கொண்டவர்கள், பெயர்ப் பலகையில் பொறுத்துக்கொள்ளவில்லை! இதனை நம் இளைஞர்கள் மறத்தலாகாது.

இன்று 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். அகலப் பாதையாக்கப்பட்ட இருப்புப் பாதையில் 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் இரயில் வந்தது. இவை நற்பேறுகளே. ஆனால், இருள் பிரியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறி, இடுக்கியின் ஏலத் தோட்டங்களில் கூலி செய்து மீளும் நம் தாய்மார்களின் பயணம் இன்னும் இடர் நிறைந்ததாகவே உள்ளது. பேருந்து நிறுத்தம் நம் குடியிருப்புக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது, தெருவிளக்கும் குடிநீரும் எந்தத் தெரு வரை வருகின்றன, இடுகாட்டுக்குப் பாதை உண்டா என்னும் வினாக்களையும் ஊர்தோறும் எழுப்பவேண்டியுள்ளது.

இளைஞர்களே! கிராமசபையில் எழுந்து பேசுங்கள்; 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்வழி கேள்வி கேளுங்கள்; மனுக்களைத் தெளிவாக எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். சட்டசபையில் நம் முன்னோர் வாதாடிப் பெற்றது கல்வியின் வலிமையால் அன்றோ? வெள்ளிவிழாக் காணும் நம் கழகம் ஊட்டிய கல்வியும், நம் தெருவுக்கு விளக்கும் நீரும் பேருந்தும் வரச்செய்யும் கருவியாகட்டும்.