‘பாவமன்னிப்புச் சீட்டு’: ஒரு சொல்லாட்சியும் அதன் வரலாறும்

ஐரோப்பியச் சமயச் சீர்திருத்தத்தை விளக்கும் தமிழ் வரலாற்று நூல்களில் ‘பாவமன்னிப்புச் சீட்டு’ என்னும் தொடர் நிலைபெற்றுவிட்டது. தமிழ்க் கத்தோலிக்கரோ அதனைப் ‘பலன்’ என்றும், முழுமையானதைப் ‘பரிபூரண பலன்’ என்றும் வழங்குவர். இவ்விரு வழக்குகளுக்கும் இடைப்பட்ட தொலைவையே நாம் இங்கு நோக்குகிறோம்.

கத்தோலிக்கக் கோட்பாட்டின்படி, பாவம் மன்னிக்கப்படுவது பாவசங்கீர்த்தனத்தில். மன்னிப்பிற்குப் பின்னும் எஞ்சி நிற்கும் தண்டனையைக் குறைப்பதோ நீக்குவதோதான் பலன். நாட்கணக்கும் பிழையாகவே உணரப்பட்டது. ஆலய நேர்ச்சியின் ஆண்டு நினைவுக்கு ஆயர்கள் வழங்கும் பலனை 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் 40 நாட்களுக்குள் வரையறுத்தது. அவை பண்டைத் திருச்சபை விதித்த 40 நாள் தவத்திற்கு ஈடானவை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் கழிக்கும் நாட்கள் அல்ல.

‘சீட்டு’ என்பதில் உண்மை உண்டு. துருக்கியரிடமிருந்து சைப்ரஸ் தீவைக் காக்கப் பொருள் தந்தோர்க்கென 1454இல் மைன்ஸ் நகரில் அச்சான சீட்டுகள் இன்றும் உள்ளன. பெறுபவர் பெயரையும் நாளையும் எழுத அவற்றில் இடம் விடப்பட்டிருந்தது. எனினும் அவை, விரும்பிய குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் உரிமையையே அளித்தன, அதனை வேண்டாததாக்கவில்லை.

ஆயின் பிழை முழுவதையும் பாமரர்மேல் ஏற்றுதல் நேர்மையன்று. 1476இல் நான்காம் சிக்ஸ்துஸ் பலனை இறந்தோர்க்கும் நீட்டித்தார். 1515இல் பாப்பரசர் பத்தாம் லியோ, புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்திற்கெனப் பலன் அறிவித்தார். ஜெர்மனியில் திரண்ட தொகையில் பாதி, மைன்ஸ் பேராயர் ஆல்பிரக்ட் ஃபுக்கர் வணிகக் குடும்பத்திடம் பட்ட கடனுக்குச் சென்றது. அப்பேராயர் பெயரில் வெளியான அறிவுறுத்தலோ, இறந்தோர்க்காகக் காணிக்கையிடுவோர்க்கு மனஸ்தாபமும் வேண்டா, பாவசங்கீர்த்தனமும் வேண்டா என்றது. கோட்பாட்டைக் காக்க வேண்டியவரே அதனைத் தளர்த்தியபின், மக்கள் அதைக் கொள்முதலாகக் கண்டதில் வியப்பென்ன?

1517இல் லூத்தர் எழுதிய 95 கூற்றுகள் தாக்கியது இந்நடைமுறையையே. பலனை முற்றாக மறுக்கும் நிலையை அவர் பின்னரே அடைந்தார். நம் பாடநூல்கள் இக்கால வேறுபாட்டைக் கூறாது கடந்துவிடுகின்றன.

திரிதெந்து சங்கம் 1563இல் கோட்பாட்டை நிலைநிறுத்தி, இழிந்த ஆதாயத்தை விலக்கியது. 1567இல் ஐந்தாம் பயஸ், பணத்தோடு பிணைந்த பலன்களை நீக்கினார். நாட்கணக்கு மட்டும் 1967இல் ஆறாம் பவுல் கைவிடும்வரை நீடித்தது. அதற்கு முன் அச்சான செபநூல்களில் அவ்வெண்களை இன்றும் காணலாம்.